கட்டுண்ட காய் செக் வைக்குமா?

கேள்வி: எதிரியின் மந்திரி தன் ராஜாவை மறைத்து நிற்கிறது. விலகினால் அவர் ராஜாவுக்கே செக். நகரவே முடியாத அந்தக் காய் என் ராஜாவை எப்படி மிரட்டும்?

பதில்: தாராளமாக மிரட்டும். ஃபிடே விதியே அப்படித்தான். வெள்ளை ராஜா இ1, மந்திரி இ2, உங்கள் கறுப்பு யானை இ8. உங்கள் ராஜா ஜி5-லிருந்து எச்5-க்குப் போகக் கூடாது. மந்திரியின் பார்வை அங்கே இருக்கிறது. ‘அது என்னை வெட்டினால் என் யானை அவர் ராஜாவை வெட்டுமே’ என்பீர்கள். முதலில் விழுவது உங்கள் ராஜா ஆயிற்றே! ராஜா போனபின் யானை யாருக்காகப் போரிடும்?

ஆனால் கட்டுண்ட காய் காவலுக்கு உதவாது. கறுப்பு ராஜா ஜி8, சிப்பாய் எஃப்7, வெள்ளை மந்திரி சி4. இப்போது வெள்ளை ராணி ஜி6-இல் வந்து துணிந்து செக் சொல்லலாம். எஃப்7 சிப்பாய் பக்கத்திலிருந்தும் வெட்ட முடியாது. எத்தனையோ செக்மேட்டுகள் பிறப்பது இங்கேதான். சதுரங்கத்தில் எனக்கு மிகப் பிடித்த அழகும் இதுவே.

ராணியை மறைத்து நிற்கும் காயின் சங்கதி வேறு, அது நகரலாம். 18-ஆம் நூற்றாண்டில் சதுரங்க வீரர் ஃபிலிடோரின் குரு லெகால், அப்படி நின்ற குதிரையை நகர்த்தி, ராணியையே பறிகொடுத்து மேட் செய்தார்.