எண்ணிக்கையும் மௌனமும்: குரோஷாப் புடைப்புத் தையல்கள் குறித்து ஒரு விசாரணை

திருவல்லிக்கேணியில், சித்திரை மாதத்துப் பகல் இரண்டு மணிக்கு, மின்விசிறி அனற்காற்றையே சுற்றிச் சுற்றி விநியோகித்துக்கொண்டிருக்கும் ஒரு கூடத்தில், 68 வயது நிரம்பிய மாதரசி ஒருவர், ஏறக்குறைய 2 கிலோ எடையுள்ள போர்வையை மடியில் பரப்பிக்கொண்டு, அதன் விளிம்பில் மேலும் ஒரு வரிசையைக் கொக்கி ஊசியால் பின்னிக்கொண்டிருப்பாராயின், அதற்குக் காரணம் குளிர் அன்று என்பது சொல்லாமலே விளங்கும். பின் எதுதான் காரணம் என்பதே இக்கட்டுரையின் விசாரணைப் பொருள். அந்த மாதரசி என் அத்தை. ஆராய்ச்சியாளனுக்கு இருக்கவேண்டிய நடுநிலைக்கு இவ்வுறவு பங்கம் விளைவிக்குமே என்று ஐயுறுவோர், அவர் இதுநாள்வரை எனக்கு ஒரு குல்லாய்கூடப் பின்னிக் கொடுத்ததில்லை என்பதை அறிந்து ஆறுதல் கொள்வாராக.

முதற்கண் லக்ஷணம். குரோஷா என்பது சிறு கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழியாக வந்தது. இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஒரே காலத்தில் ஊசியின்மீது உயிரோடு உட்கார்ந்திருக்கும். ஊசி நழுவினால் அத்தனைக்கும் ஆபத்து. குரோஷாவிலோ, ஒரு தையல் முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணிதான். அதைச் சற்று நீளமாக இழுத்துவிட்டு, அடுப்பில் பாலை இறக்கவோ வாசலில் கீரைக்காரிக்குப் பதில் சொல்லவோ எந்த நிமிஷத்திலும் எழுந்து போகலாம். இந்த ஒரு வேற்றுமையைப் படிப்பவர் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளவேண்டும். நம் சித்தாந்தம் முழுவதும் இதன்மீதே நிற்கப்போகிறது.

இனிப் புடைப்புத் தையல்கள். சமதளமான துணியில் மேடும் பள்ளமும் எழுப்பும் இவ்வகைகளுள் பாப்கார்னுக்கும் பாபிளுக்கும் உள்ள பேதம், அத்வைதத்துக்கும் விசிஷ்டாத்வைதத்துக்கும் உள்ள பேதத்தைப்போல், வெளியாருக்குப் புலப்படாதது, உள்ளே இருப்பவருக்கோ உயிர்நிலையானது. ஒரே குழியில் ஐந்து தையல்களை முழுமையாகப் போட்டு முடித்து, ஊசியை வெளியே எடுத்து, முதல் தையலின் தலையில் நுழைத்து, விட்டுவந்த கண்ணியை அதன் வழியே இழுத்தால் பாப்கார்ன்; அந்த ஐந்தையும் முடிக்காமல் அரைகுறையாகவே ஊசியில் நிறுத்தி, ஆறு கண்ணிகளையும் கடைசியில் ஒரே இழுப்பில் முடித்தால் பாபிள். முன்னதை அத்தை பொரி என்றும் பின்னதைச் சுண்டைக்காய் என்றும் வழங்குவார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன். பொரி உள்ளே பொள்ளலாக அமுங்குகிறது, சுண்டைக்காய் திரண்டு எதிர்த்து நிற்கிறது. ஆகையால் அத்தையின் பெயரீடே சாஸ்திரீயமானது என்று துணிகிறேன்.

வாஃபிள் என்பது வேறு ஜாதி. இதில் ஊசி கீழ்வரிசைத் தையலின் தலையில் நுழையாமல் அதன் தண்டை வளைத்துப் பிடிக்கிறது. ஒரு வரிசையில் ஒன்றைத் தண்டில் பிடித்து இரண்டைத் தலையில் போடுவது, திரும்பி வரும்போது ஒன்றைத் தலையில் போட்டு இரண்டைத் தண்டில் பிடிப்பது என்று மாறி மாறிச் செல்ல, சதுரம் சதுரமாகப் பள்ளம் விழுகிறது. தையல்களின் தொகை மூன்றால் வகுபட்டு இரண்டு மிஞ்சவேண்டும். அத்தையின் போர்வையில் வரிசைக்கு 146. இந்த எண்ணையும் நினைவில் வைத்திருப்பது நலம்.

பெயர்க்குழப்பம் ஒன்றையும் இவ்விடத்தே குறிப்பிடாமல் தாண்ட முடியவில்லை. இங்கிலாந்தார் ‘டபிள்’ என்பதை அமெரிக்கர் ‘சிங்கிள்’ என்கிறார்கள். அமெரிக்கரின் ‘டபிள்’ இங்கிலாந்தாரிடத்தில் ‘ட்ரெபிள்’. பெருமாள் ஒருவரே, நாமம்தான் இருவிதம் என்று சமாதானம் சொல்வதற்கில்லை. ஒரு கலையாரின் கிரந்தத்தை மற்றக் கலையாரின் வியாக்கியானத்தோடு படித்தவர், குழந்தைக்கென்று தொடங்கிய போர்வை குதிரைக்குப் போதுமானதாக முடிந்ததைக் காண்பார்.

பூர்வபக்ஷம் மூன்று. போர்வை குளிருக்காக என்பது முதலாவது. வாஃபிளின் பள்ளங்களில் காற்று தங்கிச் சூடு காக்கும் என்பது பௌதிக ரீதியில் பழுதற்றதே. ஆனால் கின்னஸ் பதிவு பெற்ற மாபெரும் குரோஷாப் போர்வை ஒன்று 2016 ஜனவரியில் விரிக்கப்பட்டது எங்கே? காஷ்மீரத்திலா? சென்னையில்! ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் குழுவினர் துண்டு துண்டாகப் பின்னி இணைத்த அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 50 கிரவுண்டு. மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்கத் தயங்கும் ஒரு நகரம் 50 கிரவுண்டு போர்வை பின்னியிருக்குமானால், குளிர்வாதம் அத்துடன் கண்டிக்கப்பட்டது.

அழகுக்காக என்பது இரண்டாவது. அழகு வேண்டுமென்றால் தட்டையான பூவேலையே போதும். நூலும் குறைவாகச் செலவாகும்.

பிழைப்புக்காக என்பது மூன்றாவது, இதைத்தான் எளிதில் தள்ள முடியவில்லை. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஐரிஷ் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, கார்க் நகரத்து உர்சுலைன் கன்னிமாரும், க்ளோன்ஸ் என்ற சிற்றூரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்டும் பரப்பிய குரோஷா லேஸ் எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது; இதழ்மேல் இதழாக எழும்பி நிற்கும் அந்த ஐரிஷ் ரோஜாவே, என் கணிப்பில், இன்றைய புடைப்புகளுக்கெல்லாம் பாட்டி. நமக்கு அருகே, கோதாவரிக் கழிமுகத்து நரசாபுரத்திலும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். அவர்களைப் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊர் முழுவதும் அவ்வேலையை ‘ஓய்வுநேரப் பொழுதுபோக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்ததும், கூலி அற்பமாய் இருந்ததற்கு அச்சொல்லே வசதியான சாக்காய் அமைந்ததும் அதில் விளக்கப்பட்டிருக்கின்றன. ஓய்வு என்று பெயரிட்டு உழைப்பை வாங்கிய சமர்த்தை அறிந்த பிறகுதான், அதற்கு நேர்மாறான சமர்த்து ஒன்று, உழைப்பு என்று பெயரிட்டு ஓய்வைச் சம்பாதிப்பது, எங்கேனும் இருக்கவேண்டுமே என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே சித்தாந்தம் இது. பெண் ஒருத்தி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் யாரேனும் ஏதேனும் கேட்பார்கள். இரட்டை ஊசிக்காரி ‘இப்போது விட்டால் எல்லாம் அவிழ்ந்துவிடும்’ என்று தப்பலாம். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய குரோஷாவுக்கு அந்தச் சாக்கு இல்லை. இக்குறையை நிரப்பவந்ததே எண்ணிக்கை. சாதாரணத் தையல் போடுகிறவரிடம் பேச்சுக் கொடுக்கலாம். ‘ஒன்று தண்டு, இரண்டு தலை’ என்று உதடு அசைகிறவரிடம் பேச்சுக் கொடுக்கிற துணிச்சல் எவருக்கும் வராது. புடைப்பு மிக மிக எண்ணிக்கை மிகும். எண்ணிக்கை மிக மிக மௌனம் மிகும். அத்திம்பேர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு அமர்ந்த மாதமும், அத்தை சாதாரணத் தையலை விட்டு வாஃபிளுக்கு மாறிய மாதமும் ஒன்றே என்பது இதற்கு அனுமானப் பிரமாணம்.

எண்ணிக்கை பிசகினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். வட்டத்தில் தையல்களை அளவுக்குமேல் பெருக்கினால் விளிம்பு கோழிக்கொண்டையாகச் சுருண்டு எழும். அத்தை அதை நறநறவென்று பிரித்துவிடுவார்; கார்னெல் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் டைனா டைமினாவோ 1997இல் அதையே வேண்டுமென்று செய்து, அதிபரவளையத் தளத்தைக் கையில் பிடித்துக் காட்டினார். கழுத்துச் சுற்று பின்னுகையில் தொடக்கச் சங்கிலியில் அரை முறுக்கு விழ, அதைக் கவனியாமல் இணைத்துவிட்டால், ஒரே பக்கமும் ஒரே விளிம்பும் உடைய மோபியஸ் பட்டை கிடைக்கிறது. அமெரிக்காவிலுள்ள மருமகளுக்கென்று தொடங்கிய சுற்று ஒன்று இப்படி ஆனபோது, அத்தை அதைப் பிரிக்கவில்லை. ‘இதுதான் இப்போ ஃபேஷனாம்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்.

பிரத்யக்ஷப் பிரமாணம் ஒன்றே பாக்கியிருந்தது. சென்ற வெள்ளியன்று, இக்கட்டுரையின் கைப்பிரதியோடு அத்தையின் எதிரே போய் உட்கார்ந்து, “அத்தை, ஒரு சந்தேகம்” என்றேன். அவர் நிமிராமல் இடக்கையை உயர்த்தி, “செத்த இருடா, எண்ணிண்டிருக்கேன்” என்றார். பாங்க் பாஸ்புக்கைத் தேடிக்கொண்டு வந்த அத்திம்பேர் நிலைப்படியருகே நின்று, உதடுகளின் அசைவைப் பார்த்து, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனார். நூல் உருண்டை அசையவில்லை. ஊசி அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே முருங்கைமரத்தில் ஓர் அணில் ஏறுவதைப் பார்த்தபடி, அத்தை தாழ்ந்த குரலில், நிதானமாக, நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று ஐம்பத்தொன்பது, நூற்று அறுபது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.