வாட்சன் சொல்லாமல் விட்ட திருகோணமலை

கேள்வி: ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகள் அனைத்தையும், உம்மா விளக்கை அணைக்கச் சொல்லி ஏச ஏச, வாசித்து முடித்துவிட்டேன். இனி எதை வாசிப்பது?
- ஒரு வாசகர், கல்முனைக்குடி

பதில்: 4 நாவல்களையும் 56 சிறுகதைகளையும் முடித்த தாங்கள், 1891இல் வெளிவந்த, பொஹீமிய அரசரின் புகைப்படம் பற்றிய கதையின் ஆரம்பத்திலேயே, திருகோணமலையில் அற்கின்சன் சகோதரருக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தை ஹோம்ஸ் துலக்கியதாக டாக்டர் வாட்சன் அரை வரியிற் கூறிவிட்டு, கொன்றவர் யார், மாண்டவர் யார் என்ற விவரம் எதையும் சொல்லாமல் அப்பாற் சென்றுவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். நமது கீழைக்கரைக்கு உரிய வழக்கை மட்டும் மறைத்த அந்தப் புண்ணியவானை என்னால் இன்றளவும் மன்னிக்க இயலவில்லை!

இத்தகைய சந்தேகங்களில் இன்புறுவோருக்கென்றே, குறளுக்குப் பரிமேலழகர் வாய்த்ததுபோல், பேரிங்-கூல்ட் என்பார் 1967இல் அக்கதைகள் முழுவதையும் விரிவான குறிப்புரையோடு இரண்டு பெரும் பாகங்களாகப் பதிப்பித்தார். அதற்கும் முன்னே, 1933இல் வின்சென்ட் ஸ்டாரெட் எழுதிய ஹோம்ஸின் அந்தரங்க வாழ்க்கை பற்றிய நூல் சிறியது, அன்பால் எழுதப்பட்டது, முதலில் அதையே வாசியுங்கள். மூளைக்கு ஓய்வு வேண்டுமாயின், யுக்தியால் அன்றி அதிர்ஷ்டத்தாலேயே கள்வரைப் பிடிக்கும் தேவனின் துப்பறியும் சாம்பு இருக்கிறார். அவரை மட்டும் பகலில் வாசிப்பது உத்தமம். நள்ளிரவில் தாங்கள் வாய்விட்டுச் சிரித்தால் உம்மா விழித்துக்கொள்வார்.