சனிக்கிழமை சாம்பியன், திங்கட்கிழமை வாத்தியார்

கேள்வி: பாக்ஸ் லக்ராஸ் என்று ஒரு விளையாட்டாமே? வலை கட்டிய கம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? (திருநெல்வேலி வாசகர்)

ஐஸ் ஹாக்கி அரங்கின் பனித்தளத்தை மூடிப் பச்சைக் கம்பளம் விரித்தால் களம் தயார். அணிக்கு ஐந்து பேர் ஓடுவார்கள், ஒருவர் கோல் காப்பார். கம்பு நுனி வலையில் ரப்பர் பந்தை ஏந்தி ஓடி, கைமாற்றி, கோலுக்குள் எறிய வேண்டும். பந்து கிடைத்த 30 விநாடிக்குள் கோலை நோக்கி எறியாவிட்டால் அது எதிரணிக்குப் போய்விடும். சுற்றிலும் பலகைச் சுவர் என்பதால் பந்து வெளியே போய் ஆட்டம் நிற்பது அபூர்வம். திறந்தவெளி ஆட்டத்தைக் கூரைக்குள் கொண்டுவந்தவர்கள் கனடாக்காரர்கள். கோடையில் காலியாகக் கிடந்த ஹாக்கி அரங்குகளில் காசு பார்க்க 1930களின் தொடக்கத்தில் செய்த ஏற்பாடு அது.

கேள்வி: இதில் நீங்கள் யார் பக்கம்? (சேலம் வாசகர்)

பஃபலோ பேண்டிட்ஸ். ஒளிப்பானேன்?

கேள்வி: நயாகராவுக்குப் பக்கத்து ஊர் என்பதைத் தவிர பஃபலோவுக்கு என்ன பெருமை? (கோவை வாசகர்)

விளையாட்டில் அந்த ஊர் பட்ட பாட்டைக் கேளுங்கள். அமெரிக்கக் கால்பந்தில் பஃபலோ பில்ஸ் அணி 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு முறை சூப்பர் பௌல் இறுதிக்குப் போய், நான்கிலும் தோற்றது. ஐஸ் ஹாக்கியில் சேபர்ஸ் அணி 1970இல் தொடங்கியது. ஸ்டான்லி கோப்பையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

ஊர் இப்படித் துவண்டிருந்த நேரத்தில், 1992இல், தொழில்முறை பாக்ஸ் லக்ராஸ் லீக்கில் பேண்டிட்ஸ் களமிறங்கியது. முதல் பருவத்திலேயே பிலடெல்பியா விங்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 11-10 என்று வென்று கோப்பை. அடுத்த ஆண்டு லீக் ஆட்டம் எட்டு, எட்டிலும் வெற்றி, கோப்பையும் அவர்களுக்கே. ஒரு பருவம் முழுக்கத் தோற்காமல் முடித்த அணி அந்த லீக் வரலாற்றில் அது ஒன்றுதான். 1996இல் மூன்றாவது கோப்பை. மூன்றுக்கும் பயிற்சியாளர் லெஸ் பார்ட்லி. 2005இல் புற்றுநோயில் இறந்தார். சிறந்த பயிற்சியாளருக்கு லீக் ஆண்டுதோறும் தரும் விருது இன்று அவர் பெயரில் இருக்கிறது. தகும்.

கேள்வி: லக்ராஸ் ஆடினால் கோடீஸ்வரர் ஆகலாமா? (சென்னை வாசகர்)

வாடகை கொடுத்தாலே பெரிது! தொழில்முறை அணிதான், ஆனால் அந்தச் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்த முடியாது. அதனால் பெரும்பாலானவர்களுக்கு வேறு வேலை உண்டு. வார இறுதியில் வந்து ஆடிவிட்டு, திங்கட்கிழமை காலை வேலைக்குப் போய் நிற்பார்கள்.

ஜான் டவாரெஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் மிசிசாகா நகரில் கணக்கு வாத்தியார். வார இறுதியில் எல்லை தாண்டிப் பஃபலோவுக்கு வந்து, 1992 முதல் 2015 வரை 24 பருவம் ஒரே அணிக்கு ஆடினார். 815 கோல். கோலும், கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து 1,749 புள்ளிகள். ஓய்வு பெறும்போது வயது 46. ஐஸ் ஹாக்கி பார்ப்பவர்களுக்கு அதே பெயரில் ஒரு நட்சத்திரம் நினைவுக்கு வரும். அவர் இவருடைய அண்ணன்-தம்பி வழிப் பிள்ளை. இளையவர் கோடிகளில் சம்பளம் வாங்குகிறார். பெரியவர் கரும்பலகைக்கும் களத்துக்கும் நடுவே கால் நூற்றாண்டு ஓடினார். இருவரில் எனக்கு யார் மேல் மதிப்பு அதிகம் என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும்.

கேள்வி: சண்டை நடக்குமாமே? (மதுரை வாசகர்)

நடக்கும். கையுறையைக் கழற்றிப் போட்டுக் குத்திக்கொண்டால் ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதற்காகவே போகிறவர்கள் உண்டு. பாதி ஆட்டத்துக்கு மேல் அவர்களும் பந்தைத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: எத்தனையோ பெருநகரங்கள் இருக்க, இந்த ஆட்டம் பஃபலோவில் மட்டும் ஏன் இப்படி வேர் பிடித்தது? (யாழ்ப்பாணம் வாசகர்)

வேர் அங்கேதானே இருந்தது! லக்ராஸ் அந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய ஆட்டம். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனிகா, டஸ்கரோரா என்ற ஆறு இனங்கள் சேர்ந்த ஹோடினோஷோனி கூட்டமைப்பின் நிலம் அது. அவர்களுக்கு லக்ராஸ் படைத்தவன் கொடுத்த ஆட்டம். நோயுற்றவர் குணமாக வேண்டி ஆடுவதும் உண்டு. ஹிக்கரி மரத்தைப் பிளந்து, ஆவியில் வளைத்து, மாதக்கணக்கில் காயவைத்துச் செதுக்கிய கம்பை ஆண்குழந்தையின் தொட்டிலில் வைப்பார்கள். இறந்தவரோடு கம்பும் போகும்.

இவர்களிடம் ஆட்டத்தைக் கற்ற கனடா வெள்ளையர்கள் 1867இல் விதிகளை எழுதினார்கள். 1880இல் அந்த மக்களையே போட்டிகளிலிருந்து தள்ளிவைத்தார்கள். சொன்ன காரணம்: ஆடுவதற்குக் காசு வாங்குகிறார்களாம். பயணச் செலவுக்கு வேறு வழியில்லாதவர்கள் மேல் சுமத்திய குற்றம் அது! உலகப் போட்டியில் அவர்கள் தங்கள் பெயரில் மறுபடி ஆட 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டே ஆண்டில் பேண்டிட்ஸ் வந்தது. அதில் டஸ்கரோரா சகோதரர்கள் இருவர் ஆடினார்கள்: ரிச் கில்கோர், டாரிஸ் கில்கோர். இவர்களுடைய ஊர் நயாகரா அருவிக்குப் பக்கம். அரங்கத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2008இல் போர்ட்லண்டை 14-13 என்று வென்று நான்காவது கோப்பையைத் தூக்கியபோது டாரிஸ்தான் பயிற்சியாளர், அண்ணன் ரிச் களத்தில். பின்னாளில் ஆறு இனங்களின் கிராண்ட் ரிவர் பகுதியிலிருந்து வந்த டெஹோகா நான்டிகோக் கோல் அடித்தபோது அரங்கமே எழுந்து நின்றது. தன் ஆட்டத்திலிருந்து துரத்தப்பட்ட மக்களின் பேரன் அவர். இந்த அணியின் வரலாற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கோப்பைகளைவிட இதுதான்.

கேள்வி: 2008க்குப் பிறகு? (திருச்சி வாசகர்)

பதினைந்து ஆண்டு வறட்சி. 2016, 2019, 2022 இறுதிகளில் தோல்வி. அதற்குள் டவாரெஸ் பயிற்சியாளர் ஆகிவிட்டார். 2023இல் முந்தைய ஆண்டு தோற்கடித்த அதே கொலராடோவை, மூன்றாவது ஆட்டத்தில் 13-4 என்று துவைத்துக் காயப்போட்டார்கள். 2024இல் ஆல்பனியையும், 2025இல் சஸ்கட்செவனையும் வென்றார்கள். மொத்தம் ஏழு கோப்பை. கடைசி மூன்றும் தொடர்ச்சியாக. அதற்கு முன் தொடர்ந்து மூன்று வென்ற அணி பக்கத்து ஊரான ராசெஸ்டரின் நைட்ஹாக்ஸ், 2012 முதல் 2014 வரை. அப்போது அதன் உரிமையாளர் கர்ட் ஸ்டைரஸ், கிராண்ட் ரிவரைச் சேர்ந்த மோஹாக் இனத்தவர்.

கேள்வி: 2028 ஒலிம்பிக்கில் லக்ராஸ் வருகிறதாமே, ஆட்டத்தைக் கொடுத்தவர்கள் ஆடுவார்களா? (டொரொன்டோ வாசகர்)

ஆடியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. லாஸ் ஏஞ்சலிஸில் அறுவர் ஆடும் வடிவம் இடம்பெறுகிறது. ஹோடினோஷோனி மக்கள் தங்கள் கொடியின் கீழ் ஆட அனுமதி கேட்கிறார்கள். அவர்களுக்குத் தேசிய ஒலிம்பிக் கமிட்டி இல்லை என்பது குறுக்கே நிற்கிறது. 2010இல் இங்கிலாந்தில் நடந்த உலகப் போட்டிக்குத் தங்கள் கடவுச்சீட்டோடு கிளம்பினார்கள். பிரிட்டன் ஏற்கவில்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டில் போகலாமே என்றார்கள் சிலர். ஆட்டத்தையே விட்டாலும் விடுவோம், எங்கள் அடையாளத்தை விடமாட்டோம் என்று ஊர் திரும்பினார்கள். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்த பிறகும் ஒரு கமிட்டித் தாள் பெரிதா?

கேள்வி: முதன்முதலாக ஒரு பேண்டிட்ஸ் ஆட்டம் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க? (ஸ்கார்பரோ வாசகர்)

ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது உடுத்திப் போங்கள். பந்து ஓடும்போதே பாட்டு அலறும், பயப்பட வேண்டாம். எதிரணிக்காரர் தண்டனைப் பெட்டிக்குப் போகும்போது கூட்டம் கத்துவதோடு சேர்ந்து கத்துங்கள். பந்தையே துரத்தாமல் நடுநடுவே வீரர்கள் உட்காரும் பெஞ்சைப் பாருங்கள்: கோல் அடிக்கப் போனவர்கள் திரும்பி ஓடிவந்து ஒரு கதவில் நுழைய, தடுக்கிறவர்கள் இன்னொரு கதவால் பாய்வார்கள். ஆட்டம் ஒரு விநாடிகூட நிற்காது. பாதி வெற்றி அந்தக் கதவுகளில் இருக்கிறது. எல்லை தாண்ட வேண்டியிருக்கும், கடவுச்சீட்டை மறந்துவிடாதீர்கள்.