எழுநூறு மச்சான்களும் ஓர் அணையும்

ஓர் ஆலையை எதிர்ப்பதற்குச் சில வசதிகள் வேண்டும். முதலாளி வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் என்றால் உத்தமம். மொத்தமாக ஓரிடத்தில் நிலம் வாங்க வேண்டும். இவ்வளவும் அமைந்துவிட்டால் கொங்குநாட்டுக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெருந்துறை சிப்காட்டில் கோகோ கோலாவுக்கு 71 ஏக்கர் ஒதுக்கினார்கள். ஊரே திரண்டது. 2015 ஏப்ரலில் ஒதுக்கீடு ரத்து. அதே சிப்காட்டுக்குள் தோல் கம்பெனியும் சாயப்பட்டறையும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. அதைக் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

திருப்பூருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. இங்கே ஆலை வைக்கப்போவதாக யாரும் சொல்லவே இல்லையே! வந்த ஆலை எழுநூற்றுச் சொச்சம் துண்டாக வந்தது. பெரியப்பா மகன் தோட்டத்து மூலையில் நாலு சாயத்தொட்டி கட்டினான். மச்சான் சாயமேற்ற ஒரு விஞ்ச் மெஷின் போட்டார். சம்பந்தி ப்ளீச்சிங் ஆரம்பித்தார். எவர் வாசலில் போய்க் கொடி பிடிப்பது? திறப்பு விழாவுக்குப் பத்திரிகை வைத்தார்கள். போய் வாழ்த்திவிட்டு, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு வந்தோம்.

ஊர் உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்தவரை தொல்லை குறைவு. எண்பதுகளில் ஐரோப்பாக்காரன் டி-ஷர்ட் கேட்டான், அதுவும் கலர் கலராக. எண்பதுகளின் தொடக்கத்தில் சில கோடியாக இருந்த ஏற்றுமதி, 2000-க்குப் பிறகு 10,000 கோடியைத் தாண்டியது. நேற்று சைக்கிளில் போனவர் இன்று பென்ஸில் போனார்.

இதில் உப்பின் திருவிளையாடலைச் சொல்லியாக வேண்டும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் சும்மா ஏறாது. அடர்ந்த நீலமோ கறுப்போ வேண்டுமென்றால் தொட்டியில் லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு கொட்ட வேண்டும். கடல் தண்ணீரிலேயே 35 கிராம்தான். ஆக, ஒவ்வொரு சாயத்தொட்டியும் இரண்டு வங்காள விரிகுடா. அவ்வளவு உப்பும் துணியில் தங்குமா என்றால் அதுவும் இல்லை. கல்யாணத் தரகர் மாதிரி, சாயத்தைத் துணியோடு சேர்த்துவைத்துவிட்டு முழுசாக வெளியே வந்துவிடும். அலசிய தண்ணீரெல்லாம் கலந்து நீர்த்துப்போனாலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பான லிட்டருக்கு 2,100 மில்லிகிராமை அது மதித்ததில்லை.

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பையும் இரும்பு சல்பேட்டையும் போட்டுக் கலரை எடுத்தார்கள். உப்பை அப்படியே விட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற குற்றத்தை மட்டும் நீக்கும் இந்தச் சுத்திகரிப்பு, அரசாங்கத்துக்கு மிகவும் பிடித்துப்போனது.

தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம் நொய்யல். வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிற ஆறு. புராணத்தில் காஞ்சிமாநதி. மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணலாகக் கிடக்கும். சாயப்பட்டறைகளின் புண்ணியத்தில் அது வருஷம் முழுக்க ஓட ஆரம்பித்தது. ஜீவநதியாக்க வேண்டும் என்று எந்த முதல்வரும் அறிக்கை விடாமலே நடந்த சாதனை.

அந்த ஆற்றின் குறுக்கே, திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில், 1992-ல் அரசு ஓர் அணை கட்டி முடித்தது. சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்கு. மேலே ஒரு துறை பட்டறைகளுக்கு அனுமதி கொடுக்க, கீழே இன்னொரு துறை அதைத் தேக்கிவைக்கச் சுவர் எழுப்பியது. இரண்டு துறைகளும் கூடிப் பேசியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. சாயம் வந்து தங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் கரித்தன. தென்னை காய்ந்தது.

அணை இருக்கிற ஊரில் விவசாயிகள் தண்ணீர் கேட்டுப் போராடுவது உலக வழக்கம். ஒரத்துப்பாளையத்தில் மட்டும், 'சாமி, தயவுபண்ணி இதில் தண்ணியே தேக்காதீங்க' என்று போராடினார்கள். மூடி வைத்தால் சென்னிமலைப் பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள், திறந்துவிட்டால் கரூர்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஷட்டரைத் தொட்ட அதிகாரிக்கும் திட்டு, தொடாத அதிகாரிக்கும் திட்டு.

பட்டறைக்காரர்களைக் கேட்டால் பதில் தயாராக இருந்தது. "என்ற பட்டறையில இருந்து ஒரு சொட்டு வெளிய போறதில்லீங்க." எழுநூறு பேரும் இதையே சொன்னார்கள். வெள்ளியங்கிரி ஆண்டவர்தான் மலைமேலிருந்து மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டியிருக்க வேண்டும்.

கடைசியில் விவசாயிகள் கோர்ட்டை நம்பினார்கள். நட்டத்தை மதிப்பிட்ட ஆணையம் 2004-ல் 28,596 பேருக்கு ஏறக்குறைய 25 கோடி இழப்பீடு என்றது. தலைக்கு ஒன்பதாயிரம்கூட வரவில்லை. ஒரு கிணற்றைத் தூர்வாரக் காணாது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுக்கு ரேட் போட்டது. லிட்டருக்கு முதலில் 6 பைசா, அப்புறம் 8, அப்புறம் 10. 2007 ஜூலை 31-க்குப் பிறகு ஒரு சொட்டும் விடக்கூடாது. பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கே மூன்று மாதம் கிடைத்தது. நம் ஊரில் மூன்று மாதம் என்பது எவ்வளவு நீளும் என்று உங்களுக்குத் தெரியும்.

நடுவில் குழாய் போட்டுக் கழிவைக் கடலுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. உப்புதானே, கடலுக்குத் தெரியவா போகிறது! மீனவர்களும் யாரோ ஒருவருக்கு மச்சான் என்பதை யோசித்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

2011 ஜனவரி 28. எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடு, கரண்ட்டை வெட்டு என்றது உயர் நீதிமன்றம். வெட்டினார்கள். துணி லாரியேறி வெளியூர் போனது. பட்டறைகள் சிலவும் பின்னாலேயே போய், பக்கத்து மாவட்டங்களில் இரவோடிரவாக முளைத்தன. அவற்றை இடிக்க அதிகாரிகள் ஜேசிபியோடு அலைந்தார்கள்.

அப்புறம்தான் அதிசயம். உப்பை முழுசாகப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பம் உலகத்திலேயே கிடையாது என்று அதுவரை கோர்ட்டில் அழுதவர்களுக்கு, ஃபியூஸைப் பிடுங்கியதும் அது கிடைத்துவிட்டது. அரசும் 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. (இழப்பீட்டுத் தொகையை மேலே பார்த்துக்கொள்ளுங்கள்.) கழிவைச் சவ்வில் வடிகட்டி, உப்புநீரைத் திரும்பவும் தொட்டிக்கே அனுப்பி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகிறார்கள். செலவு கையைக் கடிக்கிறது, ஆனால் ஓடுகிறது.

இப்போது வெளிநாட்டு பையர் வந்தால் நேரே சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் அழைத்துப்போகிறார்கள். அவரும் எட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, வாயாரப் பாராட்டிவிட்டு, சாயங்காலம் ஹோட்டலில் உட்கார்ந்து பங்களாதேஷ் விலைக்குத்தான் பனியன் கேட்கிறார்.