பேத்திக்கு ஒரு புசல் புத்தி

பிள்ளை, நீ லண்டனில கணக்கியல் படிச்சனி. இப்ப ஒரு கோப்பை எவ்வளவு என்டு கண்டாவளையில நெல்லுக்குக் காவல் இருக்கிற என்னட்டக் கேக்கிறாய். சந்தோஷம். படிப்புக்குப் போன காசைப் பற்றி நான் கவலைப்படேல்லை, அது கொப்பற்ற பாடு.

முதல்ல பக்கத்து வீட்டு ஆச்சி தந்த பழைய சமையல் புத்தகத்துக்கு வருவம். அதில 'ஒரு ஜில் பால்' என்டு போட்டிருக்காம், உனக்கு விளங்கேல்லையாம். மோனை, ஜில் என்டால் பைண்டில காற்பங்கு, 142 மில்லிலீற்றர். ஆனால் இங்கிலாந்தின்ர வடக்குப் பக்கத்தில அரைப் பைண்டையும் ஜில் என்டு சொன்ன சனம் இருக்குது. வடக்கு என்டாலே எங்கயும் தனிவழிதான். ஆச்சிக்கு எந்த ஊர் என்டு கேட்டுப்போட்டுப் பாலை ஊத்து. 1995 வரைக்கும் இங்கிலாந்துச் சாராயக் கடையளிலயும் ஜில்லில ஆறில ஒரு பங்கு அளந்துதான் ஊத்தினவை. பிறகுதான் 25 மில்லி வந்தது. இந்தக் கணக்கு எனக்கு எப்பிடித் தெரியும் என்டு அம்மம்மாவிட்டக் கேக்காதை.

கோப்பையை மட்டும் நம்பிப்போடாதை. பழைய ஆங்கிலக் கோப்பை அரைப் பைண்ட், 284 மில்லி. தேத்தண்ணிக் கோப்பை என்டு எழுதியிருந்தால் பெரும்பாலும் அதில பாதி. இப்பத்தை அளவுக்கோப்பை 250. அமெரிக்காக்காரன்ர 240க்குக் கொஞ்சம் கீழ. உன்ர ரைஸ் குக்கரோட வந்த பிளாஸ்டிக் பேணி 180, அது யப்பான்காரன்ர கணக்கு. இத்தனையையும் ஒரே அலுமாரியில வைச்சுக்கொண்டு, கேக் ஏன் எழும்பேல்லை என்டு எனக்குப் போன் எடுக்கிறாய்.

கரண்டியிலயும் கள்ளம் இருக்குது. மேசைக்கரண்டி லண்டனில 15 மில்லி, அவுஸ்திரேலியாவில 20. மெல்பேர்ண் சித்தி ரெண்டு மேசைக்கரண்டி தூள் போடச் சொன்னால், உனக்கு அது ரெண்டரைக்கும் மேல. சித்தியின்ர கறி உறைக்கேல்லை என்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சியே, போய் அவவிட்ட மன்னிப்புக் கேள். தேக்கரண்டியும் ஒருகாலத்தில மூன்றரை மில்லிதான், இப்ப 5. பழைய புத்தகத்தைப் பார்த்து அப்பச்சோடாவைப் புதுக் கரண்டியால அள்ளிப் போட்டால் வாயில வைக்கேலாது.

இனி எங்கட கணக்கைக் கேள். நாலு சுண்டு ஒரு கொத்து. ஒரு கொத்து அரிசி ரெண்டு றாத்தல் மட்டில வரும். 1953இல கொத்து அரிசியின்ர விலையை 25 சதத்தில இருந்து 70 சதத்துக்கு ஏத்தினாங்கள். ஓகஸ்ட் 12 ஹர்த்தால், நாடே நின்டது. ரெண்டு மாதத்தில பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவியை விட்டுட்டுப் போனார். உன்ர ஜில்லால எந்தப் பிரதமராவது விழுந்தவரோ?

முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல். புசல் ஆற்றை? வெள்ளைக்காரன்ரதான். எட்டுக் கலன் என்டு 1824இல சட்டம் போட்டவன். 36 லீற்றருக்குக் கொஞ்சம் மேல. எழுபதுகளில எங்களுக்குக் கிலோவும் லீற்றரும் வந்திட்டுது, ஆனால் இரணைமடுத் தண்ணியில விளைஞ்ச நெல்லுக்கு ஏக்கருக்கு எத்தனை புசல் என்டுதான் இண்டைக்கும் கேப்பினம். நெல்லென்டால் புசல் 21 கிலோ மட்டில நிக்கும். பாணையும் நாங்கள் இன்னும் றாத்தலிலதான் கேக்கிறம். சிரிக்காதை, உன்ர லண்டன்காரனும் குழாய் பியரைப் பைண்டிலதான் ஊத்துறான்.

கணக்கியல்காரி, பேனையை எடு. எட்டுக் கலனை முப்பத்திரண்டால பிரி: ஒரு கொத்து கால் கலன், அதாவது ரெண்டு பைண்ட். அதை நாலாப் பிரி: ஒரு சுண்டு அரைப் பைண்ட். உன்ர ஆச்சியின்ர பழைய கோப்பையும் உன்ர அம்மம்மா அரிசி அளக்கிற சுண்டும் ஒரே அளவு! ஜில்லில சொன்னால் சுண்டுக்கு ரெண்டு, புசலுக்கு 256. இதுக்குப் போய் கண்ணாடி அளவுச்சாடி வாங்கப் போறியாம். ரின்பால் பேணி ஒண்டைக் கழுவி வை, சுண்டுக்குக் கிட்டத்தட்ட வரும்.

எந்தப் பேணியால தொடங்கினியோ அதாலயே முடி. அரிசியைச் சுண்டாலும் தண்ணியைக் குக்கர்ப் பேணியாலும் அளந்துபோட்டு என்னட்ட வராதை. புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கிற சனம் மில்லிலீற்றரோ பாக்குது? அரிசி போட்ட அதே பேணியால பயறும் தண்ணியும் போகும், பொங்கல் பொங்கும். கேக் மட்டும் வேற சாதி. அதுக்கு மாவைத் தராசில நிறுத்துப் போடு. அமத்தி அள்ளினால் ஒரு கோப்பை, தூவி அள்ளினால் இன்னொரு கோப்பை, மா அப்பிடிப்பட்ட சாமான்.

உப்பு எவ்வளவு என்டும் கேட்டிருந்தாய். அதுக்கு என்னட்டக் கணக்கில்லை. கூடினால் உன்ர மாமியார் சொல்லுவா. குறைஞ்சாலும் அவதான் சொல்லுவா. அளவாப் போட்டால், தன்ர மோன் போட்டது என்டு சொல்லுவா.