பெட்ரோல் புளோயர் மெய்க்கீர்த்தி

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் ஒரு வாரமாவது தங்கியவர்களுக்கு உன்னை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முதுகில் ஒரு சிறு எஞ்சின், கையில் நீளக் குழாய், விழுந்து கிடக்கும் இலையை ஊதித் தள்ளுவது ஒன்றே தொழில். லீஃப் புளோயர் என்பார்கள். புல் வெட்டும் இயந்திரம், வேலி கத்தரிக்கும் இயந்திரம், மரம் அறுக்கும் ரம்பம் என்று உன் குலம் பெரியது. கலிபோர்னியாவில் மட்டும் இப்படிப்பட்ட சிறு எஞ்சின்கள் 1 கோடியே 67 லட்சம். மாநிலத்தில் ஓடும் கார்களைவிட ஏறக்குறைய 30 லட்சம் அதிகம் என்று அங்குள்ள காற்றுவள வாரியம் 2021 வாக்கில் கணக்குச் சொன்னது. அந்தக் குலத்தின் பெருமையெல்லாம் திரண்டு நிற்பது உன்னிடம்தான். மன்னர்கள் தங்கள் பெருமையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். உனக்கு அப்படி ஒன்று இல்லை. அதை நான் எழுதுகிறேன். இதில் மிகை ஒன்றும் சேர்க்கப் போவதில்லை. உள்ளதைச் சொன்னாலே போதும்.

உன் வள்ளன்மையிலிருந்து தொடங்க வேண்டும். காரில் இருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு கஞ்சன். பெட்ரோலை இழுக்கும், அழுத்தும், எரிக்கும், புகையைத் தள்ளும். நான்குக்கும் தனித்தனி நேரம், வால்வு போட்டுக் காவல். உன் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அந்தக் கணக்கு வழக்கெல்லாம் கிடையாது. எரிபொருள் நுழையும் வழியும் புகை போகும் வழியும் உன்னிடம் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கின்றன. வந்த விருந்தாளி திண்ணையில் உட்காரும் முன்பே கொல்லைப்புறமாக வெளியேறிவிடுவதுபோல, ஊற்றிய எரிபொருளில் மூன்றில் ஒரு பங்குவரை எரியாமலே காற்றில் போய்ச் சேர்கிறது. எண்ணெய்க்கென்று உன்னிடம் தனி இடமும் இல்லை. ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அதனால்தான் எடை குறைவு, எப்படிச் சாய்த்தாலும் ஓடுகிறாய். இது அசல் திறமை, மறுப்பதற்கில்லை. அந்த எண்ணெயும் நீலப் புகையாகி, பென்சீன், பார்மால்டிஹைடு ஆகியவற்றோடு வெளியே வருகிறது. உன்னைச் சுமப்பவருக்குத்தான் அது முதலில் கிடைக்கும். அவருக்கும் புகைக்குழாய்க்கும் இடையில் இருப்பது ஒரு சட்டை.

உன் வலிமையைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. எட்மண்ட்ஸ் என்ற கார் ஆய்வு நிறுவனம் 2011இல் ஒரு டூ ஸ்ட்ரோக் புளோயரை ஃபோர்டு எஃப்-150 ராப்டர் என்ற வண்டியோடு மோதவிட்டது. 6.2 லிட்டர் எஞ்சின், 411 குதிரைத்திறன், பார்த்தாலே பயம் வரும் உருவம். புளோயர் அரை மணி நேரம் தோட்ட வேலை செய்து வெளியிட்ட ஹைட்ரோகார்பனை ஈடுகட்ட, அந்த ராப்டர் டெக்சாஸிலிருந்து அலாஸ்காவரை 3,900 மைல் ஓட வேண்டும் என்று முடிவு வந்தது. தோளில் தூக்கிப் போகும் அளவுக்குச் சின்னவன், ஒரு மலையைத் தோற்கடித்தாய். கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் கணக்கு கொஞ்சம் அடக்கமானது: தொழில்முறைப் புளோயர் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால், ஒரு டொயோட்டா கேம்ரி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டென்வர்வரை 1,100 மைல் போவதற்குச் சமம். இவை புகைமூட்டத்தை உண்டாக்கும் மாசுகளின் கணக்கு. கரியமில வாயுவில் கார்தான் உன்னை முந்தும். உன் புகழில் பொய் கலக்கக் கூடாது என்பதால் அதையும் பதிவு செய்கிறேன்.

குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலருடைய குரல் அறைக்குள் அடங்கிவிடும். உன் குரலில் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட பகுதி மிகுதி. அது சுவரைத் துளைக்கும், மூடிய ஜன்னலைத் துளைக்கும், மூன்று வீடு தள்ளியும் கேட்கும். இரவு முழுக்க மருத்துவமனையில் நின்றுவிட்டு வந்து படுத்த செவிலியருக்கும், அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தைக்கும், உன்னை வாடகைக்கு அமர்த்தியவருக்கும் நீ ஒரே அளவில் கேட்கிறாய். ஆனால் உன்னைச் சுமப்பவர் என்று வரும்போது மட்டும் உன் பாசம் கூடிவிடுகிறது. வேலை செய்பவர் காதுக்கு 85 டெசிபல், எட்டு மணி நேரம் என்பதுதான் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. அதற்குமேல் மூன்று டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகிக்கொண்டே போகும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். உன் குலத்தில் பெரியவர்கள் அந்த நூறை எளிதாகத் தொடுவார்கள். அவரோ ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு வீடு முடிக்க வேண்டியவர். காதடைப்பான் இல்லாமல் உன்னைச் சுமக்கிறவர்கள் சில ஆண்டுகளில் உன் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். மற்றவர் பேசுவதும் அவர்களுக்குப் பாதிதான் கேட்கும்.

காற்றின் வேகம் வேறு இருக்கிறது. அட்லாண்டிக்கில் எழும் சூறாவளி மணிக்கு 157 மைலைத் தொட்டால் அதை ஐந்தாம் வகை என்று சொல்லி ஊரைக் காலி செய்கிறார்கள். உன் குழாய் முனையில் 200 மைலுக்கு மேல் வீசுகிறது. இவ்வளவையும் கொண்டு நீ வெல்வது நடைபாதையில் கிடக்கும் நாலு சருகை. சருகு மட்டும் போவதில்லை. மேல்மண், மகரந்தம், பூச்சிமருந்துத் தூள், காய்ந்த நாய் எச்சம், எல்லாம் சேர்ந்து எழுந்து, எல்லார் மூக்குக்கும் வந்து, பக்கத்து வீட்டு வாசலில் இறங்குகின்றன. வியாழக்கிழமை அந்த வீட்டுக்கு வேறொரு தோட்டக்காரர் வேறொரு புளோயரோடு வருவார். அதே சருகு திரும்பி வரும். அந்தச் சருகின் அடியில்தான் பனிக்காலத்தைக் கழிக்க விட்டில்களின் கூட்டுப்புழுக்களும், மண்ணுக்குள் ஒரு ராணி பம்பிள் தேனீயும் படுத்திருக்கும். சுத்தம் என்று வந்துவிட்டால் நீ யாருக்கும் விலக்குக் கொடுப்பதில்லை.

இத்தனைக்கும் நீ வந்த நோக்கம் நல்ல நோக்கம். வயலுக்கு மருந்தடிக்கும் முதுகுப்பையைத்தான் ஜப்பானியப் பொறியாளர்கள் ஊதுகுழலாக மாற்றினார்கள். 1970களில் அது அமெரிக்கத் தோட்டத்துக்குள் வந்தது. அந்தப் பத்தாண்டில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வாசலையும் நடைபாதையையும் குழாய்த் தண்ணீரால் கழுவக் கூடாது என்று ஊர்கள் கட்டளை போட்டன. தண்ணீரைக் காப்பாற்ற நீ முன்வந்தாய்; பதிலுக்குக் காற்றை எடுத்துக்கொண்டாய். கார்மல்-பை-த-சீ என்ற கடலோரச் சிற்றூர் 1975இலேயே உன்னை வேண்டாம் என்றது. அடுத்த சில ஆண்டுகளில் பெவர்லி ஹில்ஸும் அப்படியே செய்தது. பணம் உள்ள ஊர்களுக்குக் காது கூர்மை.

உன் வரலாற்றில் எனக்கு மறக்க முடியாத பக்கம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. குடியிருப்புகளிலிருந்து 500 அடிக்குள் பெட்ரோல் புளோயர் ஓடக் கூடாது என்று அந்த நகர மன்றம் 1996இல் சட்டம் போட்டது. சட்டம் கேட்டுப் போராடியவர்களில் திரை நட்சத்திரங்களும் இருந்தார்கள். 1998 தொடக்கத்தில், சட்டம் நடைமுறைக்கு வரும் வேளையில், நகர மன்ற வாசலில் தோட்டத் தொழிலாளர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். புளோயரை விட்டு வாருகோலைக் கையில் எடுத்தால் ஒரு வீட்டுக்கு ஆகும் நேரம் கூடும். நேரம் கூடினால் ஒரு நாளைக்கு முடிக்கும் வீடு குறையும். வீடு குறைந்தால் சாப்பாடு குறையும், ஏனென்றால் வீட்டுக்காரர் கொடுப்பது வீட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு, மணிக்கு இவ்வளவு என்பதல்ல. அவர்கள் சொன்னது நியாயம். எந்த மன்னனுக்கும் வாய்க்காத பெருமை அன்று உனக்கு வாய்த்தது. உன் புகையைத் தினமும் குடிக்கிறவர்கள், உன் சத்தத்தில் செவியை இழக்கிறவர்கள், அவர்களே உனக்காகப் பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் நீ பார்த்துக்கொண்டாய். அதில் உனக்கு உதவியவர்கள், மலிவாக வேலை முடிந்தால் போதும் என்று வீட்டுக்குள்ளே இருந்தவர்கள்.

இப்போது உனக்கு எதிராகப் பேட்டரிப் புளோயர் என்று ஒன்று வந்திருக்கிறது. உன்னோடு வைத்துப் பார்த்தால் அதில் என்ன இருக்கிறது? பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது. தோள்பட்டை இற்றுப்போகக் கயிற்றை இழுக்கும் பயிற்சி அதில் கிடையாது. குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் கிடந்த எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்து, வசந்தத்தின் முதல் வேலைநாளை மெக்கானிக் கடையில் கழிக்கவைக்கும் பாக்கியமும் கிடையாது. ஸ்பார்க் பிளக் இல்லை, எண்ணெய்க் கலவை இல்லை, சட்டையில் நாற்றம் இல்லை. சத்தம் போடத்தான் செய்கிறது, ஆனால் அந்தச் சத்தத்துக்குச் சுவரைத் துளைக்கும் வீரியம் குறைவு.

அதற்கு உண்மையான குறைகளும் இருக்கின்றன. அவற்றை மறைத்தால் தோட்டக்காரருக்குத் துரோகம். முழு வேகத்தில் ஊதினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காத பேட்டரிகள் பல. மூன்று பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நாள் முழுக்க வேலை நடக்க 30 முதல் 40 பேட்டரிகள் ஏற்றிப் போக வேண்டும் என்று தொழில் நடத்துவோரின் சங்கத்தார் வாதாடினார்கள். வண்டியில் எங்கே சார்ஜ் போடுவது, திருடு போனால் யார் பொறுப்பு என்ற கேள்விகளும் பொய்யல்ல. வீட்டுக்கு ஒரு முற்றம், வாரத்துக்கு ஒரு தரம் என்றால் பேட்டரி தாராளமாகப் போதும். வயிற்றுப்பாட்டுக்கு ஊதுகிறவருக்குத்தான் அது கைக்கெட்டாத விலை. பேட்டரிக்கு முழுத் தொகையையும் வாங்கும்போதே எண்ணி வைக்க வேண்டும். உன்னிடம் அந்தக் கெடுபிடி இல்லை. உன் விலையில் பெரும்பகுதியை நீ பின்னால், கொஞ்சம் கொஞ்சமாக, நுரையீரலிலும் காதிலும் வசூலித்துக்கொள்கிறாய். ரசீது கேட்டு யாரும் வருவதில்லை.

வாஷிங்டன் நகரம் 2022 ஜனவரி முதல் உன்னை விற்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது என்றது. மீறினால் 500 டாலர்வரை அபராதம். கலிபோர்னியா உன்னிடம் அத்தனை கடுமை காட்டவில்லை. ஆளுநர் கேவின் நியூசம் 2021 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டமும், அதைத் தொடர்ந்து வாரியம் வகுத்த விதியும், 2024ஆம் ஆண்டு மாடலிலிருந்து புதிதாகச் செய்யும் பெரும்பாலான சிறு எஞ்சின்கள் புகையே விடக் கூடாது என்கின்றன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்களை அவை தொடவில்லை. சிறு தொழில் செய்யும் தோட்டக்காரர்கள் கருவி மாற்றிக்கொள்ள மாநிலம் 3 கோடி டாலர் ஒதுக்கியது. மாநிலம் எவ்வளவு பெரியது, தோட்டக்காரர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று தெரிந்தவர்கள் அந்தத் தொகையைக் கேட்டபோதே உன் ஆயுள் நீளம் என்று புரிந்துகொண்டார்கள்.

ஆகவே நீ கவலைப்பட வேண்டியதில்லை. வடிகட்டியைத் துடைத்து, நல்ல எண்ணெய் கலந்து, பிளக்கை மாற்றிக்கொண்டே வந்தால் இன்னும் பல ஆண்டுகள் ஓடுவாய். உன்னைச் சுமப்பவரிடம் ஜன்னலைத் திறந்து, “சத்தம் தாங்கவில்லை, நீங்கள் பேட்டரிக்கு மாறக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு, மாதக் கூலியில் ஒரு டாலர்கூட ஏற்றாமல் ஜன்னலை மூடிக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் இருக்கும் தெருவில் உன் ஆட்சிக்கு ஒரு குறையும் வராது.