பக்கத்து நட்சத்திரத்துக்கு வழி

பக்கத்து வீடு பிராக்சிமா செண்டாரி, 4.24 ஒளியாண்டுதான். வாயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில் எழுபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவும் அது போவது வேறு திசையில்.

இன்னும் வேகமாகப் போக, 1958-இல் தொடங்கிய ஓரியன் திட்டம், கப்பலின் பின்னால் அணுகுண்டுகளை வரிசையாக வெடிக்க வைத்து அந்த உதையில் முன்னே போகச் சொன்னது. தீபாவளிக்குத் தகர டப்பாவின் கீழ் வெடி வைத்த பையன்களுக்குப் புரியும் இயற்பியல். 1963 ஒப்பந்தம் விண்வெளியில் அணுவெடிச் சோதனையைத் தடுத்தது; ஆட்டம் முடிந்தது.

பிரிட்டிஷ்காரர்களின் டெடலஸ் கப்பல் திட்டத்துக்கு ஹீலியம்-3 எரிபொருளை வியாழனில் போய் அள்ளி வர வேண்டும். ஐம்பது ஆண்டு ஓடி பார்னார்டு நட்சத்திரத்தை எட்டினாலும் பிரேக் கிடையாது. நிறுத்தத்தைத் தாண்டிப் பறக்கும் நம்மூர்ப் பேருந்தேதான்.

2016-இல் அறிவித்த ஸ்டார்ஷாட் திட்டத்துக்கு லேசர் தள்ளும் பாய்; பக்கத்து வீட்டுக்கு இருபதே ஆண்டில் போய்விடலாம். கலத்தின் எடை சில கிராம். ஆள் ஏற இடமில்லை.